பொருந்துவன யாவும் பொருத்தமுடையனவா? – சூரிய மின்தகடுகளின் இணைப்புகளைப் பற்றி ஒரு விளக்கம்

வீட்டுக் கூரையின்மேல் கருநிறத் தகடுகள் வரிசையாகப் படுத்து வெயில் காய்வதைக் காண்பது நம் நாட்டில் இன்று அரிதன்று. மலேசியாவில் 2011-ஆம் ஆண்டில் புதுப்பிக்கத்தக்க ஆற்றல் சட்டம் இயற்றப்பட்டது. வீட்டுக்காரர் தம் கூரையில் விளைவித்த மின்சாரத்தைப் பொது மின்கம்பியில் செலுத்தி அதற்குப் பயன் பெறும் வழி அதன்பின் பிறந்தது. சிங்கப்பூரில் 2014-இல் தொடங்கிய திட்டத்தின்கீழ் வீடமைப்பு வளர்ச்சிக் கழக அடுக்குமாடிகளின் உச்சியில் தகடுகள் ஏறிவருகின்றன. பட்டணத்து மாடி வீடுகளோடு நில்லாமல் பள்ளிக்கூடங்களின் கூரைகளையும் இவை நாடி வரத் தொடங்கிவிட்டன.

தொடக்கப்பள்ளி அறிவியலில் சூரிய ஆற்றலைக் கற்பிக்கிறோம். அதைப்பற்றிக் கட்டுரை எழுதச் சொன்னால், "புகையில்லை, ஓசையில்லை, ஆபத்தில்லை" என்று மாணவர்கள் மூன்றை அடுக்கிவிடுகிறார்கள். முதல் இரண்டுக்கும் முழு மதிப்பெண் தரலாம். மூன்றாவதுதான் ஆராயத்தக்கது. நம்மிடம் பயின்ற பிள்ளைகளுள் சிலர் தொழிற்கல்லூரிக்குச் சென்று வயர்மேன் வேலை கற்று, இன்று இதே கூரைகளின்மேல் ஏறி நிற்கிறார்கள். வேறு சிலர் பெற்றோர் வீட்டுக்கு இத்தகடுகளை வாங்கிக் கொடுக்கிறார்கள். ஆதலின் இச்செய்தி மின்தொழிலாளருக்கு மட்டுமே உரியதென்று ஆசிரியர்கள் ஒதுக்கிவிடுதற்கில்லை.

அச்சமூட்டுவது என் கருத்தன்று. தொடங்கும்போதே ஒரு கணக்கைச் சொல்லிவிடுகிறேன். சூரிய மின்சாரத்தில் நெடுநாள் பழகிய நாடு ஜெர்மனி. அங்கே ஃபிரௌன்ஹோஃபர் சூரிய ஆற்றல் ஆய்வுக் கழகம் 2013-இல் வெளியிட்ட விவரப்படி, முந்திய இருபது ஆண்டுகளில் சூரிய மின்னமைப்புகள் சம்பந்தப்பட்ட தீ விபத்துகள் 350. அவற்றுள் அமைப்பே தீக்குக் காரணமாயிருந்தவை 120. பெருஞ்சேதம் விளைந்தவை 75. கட்டடம் முழுதும் எரிந்துபோனவை 10. அப்பொழுது அந்நாட்டில் இருந்த அமைப்புகளோ 13 லட்சம் அளவினவாம். ஆகவே விபத்து மிகவும் அரிது. ஆயினும் அக்கழகம் அதனோடு சொன்ன காரணத்தைக் கவனித்தல் வேண்டும். உரிய கருவியால் பொருத்த வேண்டிய இணைப்பியைச் சாதாரணக் குறட்டால் நசுக்குவதும், ஒன்றுக்கொன்று இணங்காத இணைப்பிகளை மாட்டிவிடுவதும் பழுதை முன்கூட்டியே கூரையில் ஏற்றிவைப்பதாகும் என்பதே அது.

தகட்டைக் குறைகூற ஒன்றுமில்லை. ஒளி பட்டால் மின்சாரம் பிறக்கும் என்று 1839-இல் பிரெஞ்சு அறிஞர் எட்மண்ட் பெக்கரல் கண்டார். 1954 ஏப்ரலில் அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடத்தார் சிலிக்கனால் செய்த சூரியக் கலத்தை உலகுக்குக் காட்டினர். விழுந்த ஒளியில் நூற்றுக்கு ஆறு பங்களவே அது மின்சாரமாக்கியது. இன்றைய தகடுகள் இருபது பங்குக்கும் மேல் ஆக்குகின்றன. அவற்றில் அசையும் உறுப்பு ஏதுமில்லை. தொழிற்சாலையில் இயந்திரம் செய்து, சோதித்து, மூடி அனுப்பும் பொருள் அது. வெயிலில் குனிந்து நின்று மனிதன் தன் கையால் செய்வது ஒன்றே ஒன்றுதான்: கம்பியோடு கம்பியை இணைப்பது.

டார்ச்சு விளக்கும் கூரையும்

நம் வீட்டுச் சுவரில் வரும் மின்சாரம் மாறுதிசை மின்னோட்டம். நொடிக்கு 50 சுழற்சியாக அது முன்னும் பின்னும் ஓடுகிறது. ஒவ்வொரு சுழற்சியிலும் இருமுறை அதன் அளவு சுழியாகிறது. ஆக, ஒரு நொடியில் நூறு முறை அது கணப்பொழுது ஓய்கிறது என்று கொள்ளலாம். சூரியத் தகடு தருவதோ நேர்த்திசை மின்னோட்டம். டார்ச்சு விளக்கின் பாட்டரி தருவதும் இவ்வகையே. பாட்டரியைத் தொட்டுப் பழகிய பிள்ளைகள், நேர்த்திசை மின்சாரம் என்றால் அது சாது என்று எண்ணிக்கொள்ளுகிறார்கள். வகுப்பில் நாம் செய்துகாட்டும் சோதனைகளும் அவ்வெண்ணத்தை வலுப்படுத்துகின்றன.

சாதுவாயிருப்பது அந்த ஒன்றரை வோல்ட்டே அன்றி, மின்சாரத்தின் வகையன்று. ஒரு சூரியத் தகடு ஏறக்குறைய 40 முதல் 50 வோல்ட் வரை அழுத்தம் தரும். டார்ச்சுக்குள் பாட்டரிகளை ஒன்றன்பின் ஒன்றாக அடுக்குவதுபோலவே கூரையிலும் தகடுகளைத் தொடராக இணைக்கிறார்கள். 45 வோல்ட் தரும் தகடுகள் பன்னிரண்டு இருப்பின் மொத்தம் 540 வோல்ட். இது சுவர் மின்சாரத்தின் 230 வோல்ட்டைப்போல் இருமடங்குக்கும் மேற்பட்டது. இதனோடு 10 ஆம்பியருக்குமேல் மின்னோட்டமும் சேர்கிறது. இன்னொன்று: இதனை அணைக்கச் சுவிட்சு கிடையாது. வீட்டின் தலைமைச் சுவிட்சை இறக்கினால் இன்வர்ட்டர் நின்றுவிடும். பொதுக் கம்பிக்குப் போகும் மின்சாரமும் நிற்கும். ஆனால் தகட்டிலிருந்து இன்வர்ட்டர் வரை இறங்கிவரும் கம்பியில், ஒளி இருக்குமட்டும் அழுத்தம் இருந்துகொண்டே இருக்கும்.

இப்போது அந்தக் கம்பியில் ஓரிடத்தில் இணைப்பு சற்றே நெகிழ்ந்திருப்பதாகக் கொள்வோம். இரு உலோக முனைகளுக்கிடையே மயிரிழை இடைவெளி தோன்றுகிறது. மின்னோட்டம் அந்த இடைவெளியைத் தாண்டிப் பாய்கிறது. காற்றே சுடர்விட்டு மின்கடத்தியாக மாறுகிறது. பட்டறையில் இரும்பை ஒட்டும் வெல்டிங்கில் கண்கூசும் ஒளி எழுமே, அதுவும் இதுவும் ஒன்றே. இதனை மின்வில் என்கிறோம். வில் என்ற பெயர் ஏன் என்று தமிழாசிரியர் கேட்பர். பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஆங்கில அறிஞர் ஹம்ஃப்ரி டேவி பெரியதொரு பாட்டரித் தொகுதியைக்கொண்டு இரு கரிக்கோல்களுக்கிடையே இச்சுடரை எழுப்பிக் காட்டினார். சூடேறிய காற்று மேலே எழுவதால் கிடையாகப் பாய்ந்த சுடர் நடுவில் வளைந்து வில்போல் தோன்றிற்று. அவ்வடிவே அதற்குப் பெயராயிற்று. டேவி பயன்படுத்தியதும் பாட்டரியின் நேர்த்திசை மின்சாரமே என்பதை இங்கு நினைவிற்கொள்க.

சுவர் மின்சாரத்திலும் மின்வில் தோன்றும். சுவிட்சைத் தட்டும்போது இருட்டில் சிறு பொறி தெரிவது அதுதான். ஆனால் நொடிக்கு நூறு முறை மின்னோட்டம் ஓய்வதால், அடுத்த ஓய்விலேயே பெரும்பாலும் வில் அணைந்துவிடுகிறது. நேர்த்திசை மின்னோட்டத்தில் ஓய்வென்பதே இல்லை. மூண்ட வில், தனக்கு இரையாக அழுத்தமும் உலோகமும் உள்ளவரை நின்று எரியும். அதன் வெப்பமோ ஆயிரக்கணக்கான டிகிரி. பக்கத்திலுள்ள பிளாஸ்டிக்கு உருகிப் பற்றிக்கொள்ள வேறொன்றும் வேண்டுவதில்லை.

அப்படியானால் பியூஸ் எதற்கு இருக்கிறது என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. வீட்டில் இரு கம்பிகள் தொட்டுக்கொண்டால், பொது மின்வலை நூற்றுக்கணக்கான ஆம்பியரை ஒரே கணத்தில் கொட்டும், பியூஸ் உருகும். சூரியத் தகட்டால் அவ்வாறு கொட்ட முடியாது. விழும் ஒளி எவ்வளவோ அவ்வளவே அதனால் தர இயலும். 10 ஆம்பியர் தந்துகொண்டிருக்கும் தகட்டின் இரு முனைகளையும் ஒன்றாகச் சேர்த்துவிட்டாலும் 11 ஆம்பியருக்குள்தான் ஓடும். நெகிழ்ந்த இணைப்பில் எரியும் மின்வில்லோ மின்னோட்டத்தை இன்னும் சற்றுக் குறைக்கும். இயல்பான அளவைவிடக் குறைவாக ஓடும் மின்னோட்டத்தைக் கண்டு பியூஸ் எவ்வாறு விழித்தெழும்? மின்வில்லின் அடையாளத்தை உணர்ந்து அமைப்பை நிறுத்தும் கருவிகளை இப்பொழுது சில இன்வர்ட்டர்களுக்குள் வைக்கிறார்கள். அமெரிக்க மின்விதிகள் 2011-ஆம் ஆண்டுப் பதிப்பிலிருந்து கட்டடக் கூரைகளுக்கு இதனைக் கேட்கின்றன. இருந்தாலும் வில் தோன்றாமல் காப்பதே முதல் வேலை.

பிளக்கு நமக்குக் கற்பித்த பழக்கம்

தொடக்கக் காலத்தில் தகட்டின் பின்புறப் பெட்டியைத் திறந்து, திருகாணியால் கம்பியை முடுக்கினார்கள். 1996-இல் சுவிட்சர்லாந்தின் மல்டி-கான்டாக்ட் நிறுவனம், செருகினால் பொருந்தும் இணைப்பியைச் சூரியத் தகடுகளுக்கென்றே வெளியிட்டது. பின்னர் வந்ததுதான் எம்.சி.4 என்று தொழிலாளர் அனைவரும் வழங்கும் வகை. உள்ளேயுள்ள உலோகத் தொடுமுனையின் விட்டம் 4 மில்லிமீட்டர் என்பதால் அந்த நான்கு. செருகியதும் 'கிளிக்' என்று பூட்டிக்கொள்ளும். பிரிக்கக் கருவி வேண்டும். நல்ல படைப்பு. அது உலகெங்கும் பரவவே, அதே தோற்றத்தில் பற்பல நிறுவனங்கள் தத்தம் இணைப்பிகளைச் செய்து, 'எம்.சி.4-க்குப் பொருந்தும்' என்று விற்கத் தொடங்கின. அவற்றுள் தரமானவையும் உண்டு. தனித்தனியே எடுத்தால் குறை காண முடியாதவையும் உண்டு. கேடு விளைவது ஒரு நிறுவனத்தின் ஆண்முனையை இன்னொரு நிறுவனத்தின் பெண்முனையோடு சேர்க்கும்போதுதான்.

இதனை நம் மக்கள் எளிதில் நம்பமாட்டார்கள். காரணம் நம் வீட்டுப் பிளக்கு. எந்தக் கடையில் வாங்கிய இஸ்திரிப்பெட்டியானாலும் எந்தச் சுவர்த் துளையிலும் நாம் அச்சமின்றிச் செருகுகிறோம். அது சரியே. 1947-இல் பிரிட்டன் பி.எஸ். 1363 என்னும் தரவிதியை வெளியிட்டு, முப்பட்டைப் பிளக்கின் நீளம், அகலம், இடைவெளி யாவற்றையும் வரையறுத்துவிட்டது. மலேசியாவின் எம்.எஸ். 589-உம் சிங்கப்பூரின் எஸ்.எஸ். 145-உம் அதன் வழிவந்தவை. யார் செய்தாலும் அளவு ஒன்றே. சூரிய இணைப்பிக்கு இத்தகைய பொது அளவு வகுக்கப்படவில்லை. அனைத்துலக மின்தொழில்நுட்ப ஆணையத்தின் 62852 என்ற விதி, ஒரு தயாரிப்பாளரின் இணையைச் சோதித்துச் சான்று தரும் முறையைச் சொல்கிறதேயன்றி, எல்லாரும் இந்த அளவில்தான் செய்ய வேண்டும் என்று சொல்லவில்லை. ஆகவே வெளித்தோற்றத்தில் பொருந்தி, 'கிளிக்' என்ற ஓசையும் எழுந்து, உள்ளே தொடுமுனைகள் மட்டும் அரைகுறையாய்த் தொட்டுக்கொண்டிருக்கலாம். ஒருவர் தகரப்பூச்சும் மற்றவர் வெள்ளிப்பூச்சும் இட்டிருக்கலாம். இரு பிளாஸ்டிக்குகளும் வெயிலில் வேறுவேறு அளவில் விரியலாம். நீர் புகாமல் காக்கும் ரப்பர் வளையம் மற்றவர் குழலில் இறுக்கமாய் அமையாதிருக்கலாம். பூட்டும் நாளன்று இவற்றுள் எதுவும் கண்ணுக்குத் தெரியாது. பகலில் சூடேறி இரவில் குளிர்ந்து, இப்படி ஓராயிரம் நாள் சென்றபின்தான் தெரியும்.

இதனாலேயே, ஒன்றோடொன்று சேரும் இரு முனைகளும் ஒரே தயாரிப்பாளரின் ஒரே வகையாய் இருத்தல் வேண்டும் என்று அவ்வாணையத்தின் 62548 எனும் நிறுவுதல் விதி கூறுகிறது. வெவ்வேறு தயாரிப்பாயின் அந்தக் குறிப்பிட்ட இணையைச் சேர்த்தே சோதித்துச் சான்று பெற்றிருக்க வேண்டும் என்கின்றன அமெரிக்காவின் 2020-ஆம் ஆண்டு மின்விதிகள். 'பொருந்தும்' என்று விற்பவர் தாமே அச்சிட்ட சீட்டு அச்சான்று ஆகாது.

தவறு எங்கே நிகழக்கூடும் என்பதை எண்ணிப் பார்த்தே அறியலாம். பன்னிரண்டு தகடுகள் ஒரே நிறுவனத்தினவாயின் அவற்றுக்கிடையேயான பதினோர் இணைப்புகளும் தொழிற்சாலையில் பொருத்தப்பட்டு வந்தவை, ஒரே வகையின. வரிசையின் தலையிலும் வாலிலும் தொழிலாளி தாம் கொண்டுவந்த கம்பியை மாட்டுகிறாரே, அவ்விரண்டு இடங்களில்தான் கலப்பு நேர்கிறது. கூரையை இரு பகுதியாகப் பிரித்து நடுவில் நீட்டுக்கம்பி போட்டால் இன்னும் இரண்டு கூடும். தகட்டில் உள்ள இணைப்பி எந்த நிறுவனத்தது என்று வேலைக்கு முன்பே பார்த்து, அதே வகையைப் பத்தோ இருபதோ கூடுதலாக வாங்கி வைத்துக்கொண்டால் இத்தொல்லை தீர்ந்தது. மொத்தச் செலவில் இது ஒரு பொருட்டே அன்று.

ஒரு சிறு கணக்கு

நல்ல இணைப்பியின் மின்தடை ஓர் ஓமில் பத்தாயிரத்தில் மூன்று பங்களவே இருக்கும். மின்னோட்டத்தை மின்னோட்டத்தால் பெருக்கி, அதனை மின்தடையால் பெருக்கினால் அங்கே பிறக்கும் வெப்பம் வாட் கணக்கில் கிடைக்கும். 10 ஆம்பியருக்கு இது 0.03 வாட், கை வைத்தாலும் தெரியாது. அதே இணைப்பியின் தடை கால் ஓம் ஆகிவிட்டால் வெப்பம் 25 வாட். கட்டைவிரல் பருமனுள்ள பிளாஸ்டிக்குக் கூட்டுக்குள், ஏற்கெனவே நண்பகல் வெயிலில் கொதிக்கும் தகட்டின் அடியில், காற்றோட்டமின்றி 25 வாட்! வீட்டில் நெகிழ்ந்த சுவர்த்துளையில் இஸ்திரிப்பெட்டியைச் செருகினால் பிளக்கு சுட்டுப் பழுப்பேறுவதைக் காணாதவர் இலர். சூட்டால் உலோகம் துருப்பிடிக்கிறது. துருவால் தடை ஏறுகிறது. தடையால் மேலும் சூடேறுகிறது. ஒன்றையொன்று வளர்க்கும் இந்தச் சுற்றின் முடிவில்தான் முன்சொன்ன மின்வில் காத்திருக்கிறது. மேல்வகுப்பு மாணவர்க்கு இக்கணக்கைக் கொடுத்துப் பார்க்கலாம். பெருக்கல் தெரிந்தாலே போதும்.

தடை ஏறுவதற்கு இணங்காத இணை ஒரு காரணம் என்றால், கிரிம்ப் சரியில்லாமை இன்னொன்று. கம்பியின் உறையை உரித்து, செம்பு இழைகளை உலோகக் குழலுக்குள் நுழைத்து, உரிய அளவுள்ள கிரிம்ப் கருவியால் ஒரே அழுத்தாக அழுத்தினால் இழைகளும் குழலும் ஒரே திண்மையாகிவிடும். குறட்டால் நசுக்கினால் வெளியே இறுகியதுபோல் தோன்றும். உள்ளே இழைகளுக்கிடையே காற்று நிற்கும். ஈயம் உருக்கி ஒட்டினால் என்ன என்று சில பழைய கைகள் கேட்பதுண்டு. தயாரிப்பாளர்கள் கிரிம்பை வைத்தே இணைப்பியைச் சோதித்துள்ளனர். அதனைவிட்டு வேறு முறைக்குப் போனால் சான்றும் போயிற்று. உரிக்கும்போது நாலைந்து இழைகளை அறுத்துவிடுவதும், பின்மூடியை அரைகுறையாகத் திருகுவதும் இதே குற்றத்தின் தங்கைமார்.

மழையும் எச்சரிக்கை ஒலியும்

நம் நாட்டுக்கென்று ஒரு செய்தி உண்டு. அது மழை. பூட்டப்பட்ட இணைப்பி நீரைத் தடுக்கும். பூட்டப்படாத முனை தடுக்காது. வேலை இன்று பாதி நாளை பாதி என்று நிற்கும்போது மூடியில்லாமல் கிடந்த முனைக்குள் மாலை மழை புகுந்துவிட்டால், மறுநாள் அதனை மாட்டுவது நீரையும் சேர்த்துப் பூட்டுவதேயாம். கம்பியைத் தகட்டின் சட்டத்தோடு கட்டித் தூக்கி வைக்காமல் கூரைமேல் தொங்கவிட்டால், தகர ஓட்டின் பள்ளத்தில் நீர் தேங்குமிடத்திலேயே இணைப்பி போய் விழுகிறது. அங்கே இலைதழை சேர்கிறது, எறும்பு குடியேறுகிறது, எலி வருகிறது. காற்றில் ஆடும் கம்பி, வெட்டப்பட்ட தகரத்தின் விளிம்பில் உராய்ந்து உறை தேய்கிறது. கூரை உலோகமாயிருப்பின் கூரையே மின்னூட்டம் பெறவும் கூடும்.

இன்வர்ட்டர்கள் இதனை ஓரளவு முன்கூட்டியே சொல்லிவிடுகின்றன. ஒவ்வொரு காலையிலும் வேலை தொடங்குமுன் அவை கம்பிகளின் காப்பைச் சோதிக்கும். இரவில் மழை பெய்திருந்தால், காப்புக் குறைவு என்று சிவப்பு விளக்கைக் காட்டி நின்றுவிடும். வெயில் ஏறி ஈரம் உலர்ந்ததும் பத்து மணிக்குத் தானே ஓடத் தொடங்கும். வீட்டுக்காரர், "காலையில் கொஞ்சம் மக்கர் செய்யும், பிறகு சரியாகிவிடும்" என்று அதனை ஒரு பழைய மோட்டார் வண்டியைப்போல் பாவித்துப் பழகிவிடுகிறார். எங்கோ ஓர் இணைப்பிக்குள் நீர் போய்வருகிறது என்று அக்கருவி நாள்தோறும் முறையிடுவதே அது. இந்நிலையில் அழைக்க வேண்டியவர் மின்தொழிலாளர்.

காப்புக்காக வைத்த பொருளே கேடாகிய கதை ஒன்று ஆஸ்திரேலியாவில் நடந்தது. கூரைமேல் தகட்டின் அருகிலேயே மின்சாரத்தைத் துண்டிக்கும் ஐசோலேட்டர் பெட்டி ஒன்று இருக்க வேண்டும் என்று 2012-ஆம் ஆண்டின் தரவிதி அங்கே கட்டாயமாக்கியது. தீயணைப்பாளர்க்கும் பழுதுபார்ப்பவர்க்கும் உதவும் என்ற நல்லெண்ணமே காரணம். ஆனால் அப்பெட்டிக்குள் நுழையும் ஒவ்வொரு கம்பியும் புதியதோர் இணைப்பு. வெயிலில் வெடித்து, மழைநீர் புகுந்து, கூரைத் தீக்குப் பெருங்காரணமாக அப்பெட்டியே ஆகிவிட்டது. 2021-ஆம் ஆண்டுப் பதிப்பில் அக்கட்டாயத்தை நீக்கிவிட்டார்கள். இதிலிருந்து ஐசோலேட்டரே வேண்டாம் என்று கொள்ளற்க. இன்வர்ட்டரின் அருகே, நிழலில், கைக்கு எட்டும் இடத்தில் அது இருந்தே ஆகவேண்டும்.

அதனைப் பயன்படுத்தும் வரிசையும் முக்கியம். மின்னோட்டம் ஓடிக்கொண்டிருக்கும்போது சூரிய இணைப்பியைக் கையால் பிரித்தல் கூடாது. பிரித்தால் முகத்துக்கு நேரே மின்வில் எழும். முதலில் வீட்டுப் பக்கத்து மாறுதிசைச் சுவிட்சை இறக்க வேண்டும். அடுத்து நேர்த்திசை ஐசோலேட்டரைத் திருப்ப வேண்டும். மின்னோட்டம் நின்றுவிட்டதா என்று கவ்வுமானியால் அளந்து பார்த்த பின்னரே, உரிய கருவிகொண்டு இணைப்பியைத் திறக்கலாம். வீட்டுக்காரர் முதல் இரண்டோடு நின்றுகொள்வது நலம். கூரைமேல் ஏறித் தகடு துடைக்கும் ஆள் கம்பியை இழுத்து ஒதுக்காதிருக்கும்படியும் சொல்லி வைக்கலாம்.

தீயணைப்புப் படையினரின் சங்கடத்தையும் ஒரு சொல்லில் குறிப்பிடுகிறேன். 2013 செப்டம்பரில் அமெரிக்காவின் நியூ ஜெர்சி மாநிலத்து டெலான்கோ நகரில் ஒரு பெரிய உணவுக் கிடங்கு எரிந்தது. அதன் கூரையில் ஏழாயிரத்துக்கு மேற்பட்ட தகடுகள் இருந்தன. அவற்றில் மின்சாரம் ஓயாமையால் கூரைமேல் ஏறிப் போராட வீரர்கள் தயங்க நேர்ந்தது. ஆதலின் வீட்டில் தீப்பிடித்து அவர்கள் வரும்போது, கூரையில் சூரியத் தகடு உண்டு என்பதை முதல் வார்த்தையாகச் சொல்லிவிட வேண்டும். தலைமைச் சுவிட்சுப் பெட்டியின்மேல் எச்சரிக்கைச் சீட்டு ஒட்டுவதும் இதற்காகவே.

பள்ளிக்குத் தகடு வருகிறது என்றால் மேலாளர் வாரியமும் பெற்றோர் ஆசிரியர் சங்கமும் பொதுவாக விலையைக் கேட்கின்றன. எத்தனை கிலோவாட் என்று கேட்கின்றன. மாதக் கட்டணம் எவ்வளவு குறையும் என்று கேட்கின்றன. இன்னும் சிலவற்றையும் கேட்கலாம். மலேசியாவாயின், சேடா எனப்படும் நீடித்த ஆற்றல் மேம்பாட்டு ஆணையத்தின் பதிவேட்டில் நிறுவனத்தின் பெயர் உள்ளதா? கூரையில் வேலை செய்யப்போகிறவர் தகுதிச் சான்று பெற்ற வயர்மேன்தானா, அல்லது சான்று ஒருவர் பெயரிலும் வேலை வேறொருவர் கையிலுமா? கிரிம்ப் கருவியைக் காட்டுவாரா? வேலை முடிந்து தரும் கோப்பில், தகட்டின் பெயரையும் இன்வர்ட்டரின் பெயரையும் எழுதுவதோடு, இணைப்பியின் தயாரிப்பாளர் பெயரையும் வகையையும் தனி வரியாக எழுதித் தருவாரா? இந்தக் கடைசிக் கேள்வியைக் கேட்டால் சிலர் வியப்போடு பார்ப்பர். பத்தாண்டு கழித்து ஒரு தகட்டை மாற்ற வரும் தொழிலாளி கூரைமேல் ஏறுமுன் முதலில் தேட வேண்டியது அந்த வரியைத்தான்.